டிவிடி டிரைவ் திடீரென்று காணாமல் போனால்

தட்டு திறக்கிறது, விளக்கு எரிகிறது, ஆனால் ‘திஸ் பிசி’யில் டிரைவ் இல்லை. புது டிரைவ் வாங்க ஓடாதீர்கள். முதலில் கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். டிரைவ் பெயரில் மஞ்சள் முக்கோணமும், பிராப்பர்ட்டீஸில் ‘கோட் 39’ அல்லது ‘கோட் 19’ என்றும் இருந்தால், பெரும்பாலும் டிரைவில் குற்றமில்லை. சிடி பதியும் பழைய மென்பொருள்கள் டிரைவை இயக்கும் விண்டோஸ் டிரைவருக்கு மேலும் கீழும் தங்கள் ஃபில்டர் டிரைவரை, அதாவது இடையில் நின்று வேலைசெய்யும் சிறு நிரலை, செருகி வைக்கும். மென்பொருளை நீக்கியபின்னும், விண்டோஸை மேம்படுத்தியபின்னும் விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் அந்த ஃபில்டரின் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பெயருக்குரிய கோப்பை ஏற்ற முடியாதபோது விண்டோஸ் டிரைவையே முடக்கிவிடுகிறது.

ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் ரெஜ்எடிட்டில் ஹெச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட்கன்ட்ரோல்செட், கன்ட்ரோல், கிளாஸ் என்று இறங்குங்கள். 4டி36இ965 என்று தொடங்கும் கீயைத் தேர்ந்தெடுத்து முதலில் எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். வலப்பக்கம் இருக்கும் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் இரண்டையும் அழித்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஒன்று மட்டும் இருந்தால் அதை அழித்தால் போதும்.

இலக்கத்தை இரண்டு முறை பாருங்கள். 4டி36இ967 என்று தொடங்குவது ஹார்டு டிஸ்க்குக்கு உரியது. அங்கே கைவைத்தால் கணினியே துவங்காமல் போகலாம்.

சிடி பதியும் மென்பொருள் இன்னும் வேண்டுமென்றால், இப்போதைய விண்டோஸுக்கு ஒத்துவரும் பதிப்பை நிறுவுங்கள். பழையதையே போட்டால் அதே கோளாறு திரும்பிவரும். விண்டோஸுக்கு முன்பே இயங்கும் பயாஸ் திரையிலேயே டிரைவ் தெரியவில்லையென்றால் இந்த வழி உதவாது. டிரைவை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிளையும் பவர் கேபிளையும் கழற்றி மாட்டிப் பாருங்கள்.