டாட் மிஷன் போக ஷூ தேடிய நாட்கள்

செப்டம்பர் 14, சனி

நவம்பர் 9க்கு டிக்கெட் எடுத்தாயிற்று. ஹூஸ்டனுக்கு வடமேற்கே, டாட் மிஷன் என்கிற சின்ன ஊரில் 1974இலிருந்து நடக்கிற டெக்சஸ் ரெனசான்ஸ் திருவிழா. ரெனசான்ஸ் என்றால் ஐரோப்பாவின் மறுமலர்ச்சிக் காலம், பதினைந்து பதினாறாம் நூற்றாண்டுகளை ஒட்டியது. அக்டோபரில் தொடங்கி நவம்பர் கடைசி வரை வார இறுதிகளில் நடக்கும். கோட்டை, சத்திரம், பட்டறை என்று பழைய ஐரோப்பிய ஊர் ஒன்றையே கட்டி வைத்திருக்கிறார்கள். வேஷம் கட்டாயமில்லை. ஆனால் போட்டுக்கொண்டு போனால்தான் நாமும் அந்த ஊர்க்காரர் ஆகிறோம். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

போன வருஷம் மகளுக்கு ஆன்லைனில் நாற்பது டாலருக்கு முழங்கால் வரை வரும் பூட்ஸ் வாங்கினேன். ரெக்சின்தான், ஆனால் படத்தில் அசல் தோல் போலவே இருந்தது. உள்ளே நைலான் டைட்ஸ். பதினொரு மணிக்கு "அம்மா, குதிகால் எரியுது" என்றாள். ஒரு மணிக்கு இரண்டு குதிகாலிலும் எட்டணா அகலத்துக்குக் கொப்புளம். அவள் ஒரு மாதமாகக் காத்திருந்த குதிரை வீரர்களின் ஈட்டிச் சண்டையைப் பார்க்காமலேயே கிளம்பிவிட்டோம். காரில் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

இந்த வருஷம் கவுனுக்குத் துணி எடுப்பதற்கு முன்னால் ஷூவை முடிப்பது என்று தீர்மானம். நான், இவர், மகள், அப்பா என நான்கு பேர். முழங்காலுக்குக் கீழே மொத்தச் செலவு 120 டாலருக்குள்.

அப்பா ஆம்பூரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கிறார். அங்கே ஷூ கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் லாஸ்ட்டிங் பிரிவில் வேலை செய்தவர். லாஸ்ட் என்கிற கால் அச்சின் மேல் தோலை இழுத்து ஒட்டுகிற வேலை. அவருக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது. அந்தக் கவலையும் இந்தக் கணக்கில் உண்டு.

செப்டம்பர் 18, புதன்

இரவில் உட்கார்ந்து அந்தக் காலத்து ஷூ எப்படி இருந்தது என்று படித்துக்கொண்டிருந்தேன். இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றியுடைய போர்க்கப்பல் மேரி ரோஸ் 1545இல் மூழ்கியது. 1982இல் மேலே தூக்கினார்கள். கப்பலில் இருந்தவர்களின் தோல் ஷூக்கள் சேற்றுக்குள் மக்காமல் கிடைத்திருக்கின்றன. படங்களைப் பார்க்கப் பார்க்க மனசுக்கு நிம்மதியாக இருந்தது. குதி உயர்த்தாத, தட்டையான, விரலுக்குத் தாராளமாக இடம் விட்ட ஷூக்கள். சில இன்றைக்கு நாம் போடுகிற கட் ஷூ மாதிரியே இருக்கின்றன.

அதாவது, திருவிழாவில் நிறையப் பேர் போட்டு வருகிற குதி வைத்த நீள பூட்ஸ்தான் காலத்துக்குப் பொருந்தாதது. ஐரோப்பாவில் குதி வைத்த ஷூ பரவியதே பதினாறாம் நூற்றாண்டு முடிகிற சமயத்தில்தான். அதற்கு முன்னால் சாதாரண ஜனங்கள் போட்டது தட்டை ஷூ. அதற்கும் முந்தைய இடைக்காலத்தில் தோலை உள்புறம் வெளியே தெரியும்படி வைத்துத் தைத்து, அப்புறம் தலையணை உறையைத் திருப்புகிற மாதிரி திருப்பி எடுப்பார்கள். தையல் உள்ளே போய்விடும். சௌகரியமும் சரியான தோற்றமும் ஒரே பக்கம் இருக்கின்றன என்று தெரிந்ததும் பாதிக் கவலை போயிற்று.

இன்னொன்றும் படித்தேன். குதி வந்த பிறகு, 1600ஐ ஒட்டி, வலது இடது வித்தியாசமில்லாமல் இரண்டையும் ஒரே வடிவத்தில் செய்ய ஆரம்பித்தார்கள். சுமார் இருநூறு வருஷம் அப்படியே நடந்திருக்கிறது. அதற்கு முன்னால் வலது இடது தனித்தனிதான். அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "குதி வெச்சா லாஸ்ட்டோட அடி வளையணும்மா. அதையே மறுகாலுக்கும் கண்ணாடியில பார்த்த மாதிரி மரத்துல செதுக்கறது லேசில்ல. ஒண்ணையே ரெண்டுக்கும் வெச்சிருப்பான்" என்றார். புத்தகத்திலும் அதே காரணம்தான் இருந்தது.

செப்டம்பர் 21, சனி

பழைய சாமான் விற்கிற குட்வில் கடைக்கு அப்பாவோடு போனோம். சாயங்காலம்தான் போகணும் என்று சொல்லிவிட்டார். பகலெல்லாம் நடந்து கால் வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்த்த ஷூதான் திருவிழாவில் மதியம் மூன்று மணிக்கும் பொருந்துமாம்.

அவர் ஷூ பார்க்கிற விதத்தை எழுதி வைக்க வேண்டும். முதலில் கையை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, விரலால் தையல்களைத் தடவுகிறார். மேடு தட்டினால் ஓரமாக வைத்துவிடுகிறார். அப்புறம் மூக்கையும் குதியையும் பிடித்து மடக்குகிறார். விரல்கள் மடங்குகிற இடத்தில் மடங்கினால் சரி. நடுவில் மடங்கினால் "இது ஷூ இல்ல, அட்டை" என்கிறார். கடைசியாகக் குதியைப் பின்னாலிருந்து கட்டைவிரலால் அமுக்குகிறார். அமுங்காமல் நிற்க வேண்டும். குதி தளர்ந்தால் கால் உள்ளே ஏறி இறங்கும்; அந்த உராய்வில்தான் கொப்புளம் வரும். போன வருஷத்து பூட்ஸ் இந்த மூன்றில் ஒன்றிலும் தேறியிருக்காது.

இவருக்குக் கணுக்கால் வரை வரும் பழுப்புத் தோல் பூட்ஸ், 14 டாலர். யாரோ நன்றாக நடந்து பழக்கிக் கொடுத்தது, வெண்ணெய் மாதிரி மடங்குகிறது. எனக்கு நாடா இல்லாத கறுப்புத் தோல் ஷூ, முன்பக்கம் அகலம், 8 டாலர். எட்டாம் ஹென்றி காலத்தில் ஷூவின் மூக்கு அகலமாக, கிட்டத்தட்ட சதுரமாக இருந்தது. இதில் அந்தச் சாயல் நன்றாகவே தெரிகிறது.

பக்கிள், லோகோ, வெள்ளை ரப்பர் அடி மூன்றும்தான் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுக்கும். பக்கிளை வெட்டி எடுத்துவிடலாம், லோகோவை ஷூ பாலிஷில் மறைத்துவிடலாம். வெள்ளை அடிக்கு மட்டும் பெயிண்ட் வேண்டும். அதுவும் சரளையில் உரிந்துவிடும். அதனால் அடி கறுப்பாகவோ பழுப்பாகவோ இருப்பதை மட்டுமே எடுத்தோம்.

செப்டம்பர் 24, செவ்வாய்

மகளுக்குப் பழைய ஷூ பிடிக்கவில்லை. பதின்மூன்று வயது, அவள் ஆசையும் நியாயம்தான். சீனாவில் செய்கிற கறுப்புத் துணி ஷூ ஒன்று உண்டு. பாதத்தின் மேல் ஒரு பட்டை மட்டும் வரும், துணி அடி அல்லது மெல்லிய ரப்பர் அடி. 16 டாலர். அடி மெலிசு என்பதால் ஒவ்வொரு கல்லும் குத்தும். 9 டாலருக்கு ஜெல் இன்சோல் வாங்கி உள்ளே வைத்தேன். இன்சோல் இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால் ஷூவை ஒரு அளவு பெரிதாக வாங்கினேன். இன்சோலோடு போட்டுப் பார்த்தால் கச்சிதம்.

தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் வீட்டுக்குள் போட்டு நடக்கிறாள், அன்றைக்குப் போடப்போகிற அதே காலுறையோடு.

அக்டோபர் 2, புதன்

காலுறை பற்றி எழுதாமல் விட்டிருந்தேன். போன வருஷம் ஷூ பாதித் தப்பு என்றால் நைலான் டைட்ஸ் மீதித் தப்பு. வியர்வை வெளியே போகாமல் தோல் ஊறிப்போனால் லேசான உரசலுக்கே பிய்ந்துவிடும். பருத்தி நல்லது என்று நினைத்திருந்தேன். போட்டு நடந்து பார்த்ததில் அதுவும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மெல்லிய மெரினோ கம்பளிதான் இரண்டு மணி நேரத்துக்கு அப்புறமும் உலர்ந்து இருக்கிறது. டெக்சஸ் வெயிலில் கம்பளியா என்று இவர் தயங்கினார். ஒரு சாயங்காலம் ஒரு காலில் பருத்தி, மறுகாலில் கம்பளி போட்டு நடக்கச் சொன்னேன். மறுபேச்சில்லை.

அந்தக் காலத்து ஆண்கள் காலில் போட்டது கம்பளி நெசவுத் துணியில் தைத்த நீளக் காலுறை. நெசவுத் துணி இழுபடாதே, காலில் எப்படி ஒட்டி நிற்கும்? துணியைக் குறுக்காக, மூலைவாக்கில் வெட்டியிருக்கிறார்கள். நம் ஊர் டெய்லர் கிராஸ் கட் பிளவுஸ் தைக்கிறாரே, அதே வித்தைதான். பின்னல் காலுறை வந்தபோது அது பணக்காரர் சாமான். ஃப்ளாரன்ஸில் 1562இல் இறந்த எலியனோரா என்ற கோமகளைச் சிவப்புப் பட்டு நூலில் பின்னிய காலுறையோடு புதைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் இயந்திரம் கண்டுபிடித்தது 1589இல். எலிசபெத் ராணி அவருக்கு உரிமம் தரவில்லை.

நமக்கு வேண்டியது ஒரே நிறத்தில், முழங்கால் வரை வருகிற, பட்டைக் கோடோ எழுத்தோ இல்லாத காலுறை. இவருக்குக் கனமான சாம்பல் நிறம், 18 டாலர். எனக்கும் மகளுக்கும் மெல்லிய மெரினோ இரண்டு ஜோடி, 24 டாலர். வெள்ளை கால்பந்து சாக்ஸ் இன்னும் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் எல்லாமே செயற்கை இழை. வேறு வழியில்லாவிட்டால் எடுக்கலாம்.

காலுறை நழுவாமல் இருக்க முழங்காலுக்குக் கீழே நாடா கட்டிக்கொள்வார்கள், ஆணும் பெண்ணும். கடையில் அதற்கென்று லேஸ் வைத்த எலாஸ்டிக் விற்கிறார்கள். நான் வீட்டில் இருந்த பாவாடை நாடாவைத் தேயிலைத் தண்ணீரில் நனைத்துப் பழுப்பாக்கி வெட்டிவிட்டேன். தட்டை நாடா என்பதால் அழுத்தாது. ஒரு விரல் நுழைகிற அளவுக்கு இடம் விட்டுக் கட்டினால் நாள் முழுக்க நிற்கிறது.

அப்பாவுக்கு நாடா கிடையாது. சர்க்கரைக் காலில் இரத்த ஓட்டத்தைத் தடுக்கிற எதுவும் கூடாது. மேல்விளிம்பு தளர்வாக, உள்ளே தையல் மேடு இல்லாத காலுறை அவருக்கு, 15 டாலர். கறுப்புதான் பொருந்தும், ஆனாலும் வெள்ளையே எடுத்தேன். எங்காவது புண்ணாகி இரத்தம் கசிந்தால் வெள்ளையில் உடனே தெரியும்.

பாவாடைக்குள் எனக்கும் மகளுக்கும் சைக்கிள் ஷார்ட்ஸ். தொடை உரசாது. வீட்டிலேயே இருந்தது.

அக்டோபர் 13, ஞாயிறு

அப்பாவின் ஷூவை மாற்ற நான் சம்மதிக்கவில்லை. டாக்டர் சொல்லி வாங்கிய நடை ஷூ அது. உள்ளே ஆழம் அதிகம், அடி கறுப்பு. மேலே மட்டும் நெட் துணியும் வெல்க்ரோ பட்டையும். வயதான வியாபாரிகளும் படித்தவர்களும் பாதம் வரை நீள அங்கி போட்ட காலம் அது. அதனால் அப்பாவுக்கு நீள அங்கி. நடக்கும்போது தெரிவது ஷூவின் முன்பாதி மட்டும். அதை மூட உறை தைத்தால் போதும்.

பழைய தோல் ஜாக்கெட் ஒன்று 12 டாலருக்குக் கிடைத்தது. அப்பா அதை மோந்து பார்த்த கையோடே "ஆட்டுத் தோல்" என்றார். ஷூ முழுக்க மாஸ்கிங் டேப்பை இரண்டு சுற்று ஒட்டினார். அதன் மேல் பேனாவால் நடுக்கோடு, குதிக்கோடு, பக்கத்துக் கோடு. பிளேடால் கோட்டோடு கீறி உரித்து, அட்டையில் தட்டையாக அமுக்கினார். மேடான இடத்தில் டேப் எழும்பி நின்றது. அங்கே மட்டும் சின்ன வெட்டு கொடுத்து விரித்தார். சுற்றி அரை சென்டிமீட்டர் தையலுக்கு விட்டு வரைந்தார். இவ்வளவும் இருபது நிமிஷம்.

அப்புறம் தோலை வெட்டி, என் தையல் மிஷினில் லெதர் ஊசி போட்டு நான் தைத்தேன். முன்பக்கம் ஐந்து கீறல் போட்டு உள்ளே சிவப்புத் துணி வைத்தோம். அந்தக் காலத்து ஷூக்களில் அப்படிக் கீறி அழகு பார்ப்பது வழக்கம். அடியில் இரண்டு எலாஸ்டிக் பட்டை. மாட்டிக்கொண்டு ஹாலில் இரண்டு நடை நடந்தார். "பதினாறாவது வயசுல கட்டிங்ல உட்கார்ந்தேன். அதுக்கப்புறம் இன்னிக்குத்தான் கத்தியைப் பிடிக்கறேன்" என்றார்.

மொத்தம் 116 டாலர் ஆகியிருக்கிறது.

அக்டோபர் 27, ஞாயிறு

பக்கத்துப் பூங்காவில் எல்லோரும் வேஷத்தோடு மூன்று மணி நேரம் நடந்து பார்த்தோம். என் வலது ஷூவில் சுண்டுவிரல் பக்கம் இறுக்கம். உள்ளே நனைத்த துணியை அடைத்து ஒரு ராத்திரி வைத்தார் அப்பா, சரியாகிவிட்டது. மகளுக்கு ஒன்றுமில்லை.

நவம்பர் 9, சனி, இரவு

காலை எட்டே முக்காலுக்கே போய்விட்டோம். வாகனம் நிறுத்துகிற இடத்தில் சேறு, உள்ளே புழுதியும் சரளையும் பைன் மரத்து வேர்களும். என் போன் இன்றைக்கு 17,400 காலடி காட்டுகிறது.

மகள் ஈட்டிச் சண்டையைக் கடைசி வரை பார்த்தாள். கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றே பார்த்தாள். மதியம் இரண்டாவது ஜோடி காலுறைக்கு மாறினாள், எல்லோரும் மாறினோம். பையில் வைத்திருந்த கொப்புளப் பிளாஸ்டரைப் பிரிக்கவே இல்லை.

கால் அளவெடுத்து பூட்ஸ் செய்து தருகிற கடை ஒன்று உள்ளே இருந்தது. ஒரு ஜோடி பல நூறு டாலர். அப்பா ஒன்றைக் கையில் எடுத்து உள்ளே விரல் விட்டுத் தடவினார். கடைக்காரர் பார்த்துவிட்டு அப்பாவின் ஷூவைக் கவனித்தார், குனிந்து உறையின் ஓரத்தைத் தொட்டார். இருவருக்கும் பொதுவான பாஷை இல்லை. அப்பா இரண்டு கையாலும் தோலை இழுத்து ஆணி அடிக்கிற பாவனை செய்தார். அவர் உள்ளே போய்த் தன் இடுக்கியை எடுத்து வந்து அப்பா கையில் கொடுத்தார். பதினைந்து நிமிஷம் நாங்கள் யாரும் குறுக்கே போகவில்லை.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அப்பாவை உட்கார வைத்து ஷூவைக் கழற்றிப் பார்ப்பது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். மூன்றாவது தடவை, இடது ஷூவைத் தலைகீழாகத் தட்டியபோது, கொத்தமல்லி விதை அளவு கல் ஒன்று விழுந்தது. எவ்வளவு நேரம் உள்ளே இருந்ததோ. அவருக்குத் தெரியவே இல்லை. காலுறையை உருவிப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே சிவப்பாக ஒரு தடம், தோல் கிழியவில்லை. விரலை வைத்து அழுத்தினேன். "வலிக்குதாப்பா?" "இல்லம்மா." அதற்கு மேல் நடக்க விடவில்லை. நானும் அவரும் இசைக்காரர்கள் பக்கத்தில் நிழலில் உட்கார்ந்துவிட்டோம், மற்ற இரண்டு பேரும் சுற்றிவிட்டு வந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் பாதத்தைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்கெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தேன். தடம் மங்கியிருக்கிறது. நாளைக் காலையிலும் பார்க்க வேண்டும்.

நவம்பர் 10, ஞாயிறு

தடம் போய்விட்டது.

கல் எப்படிப் போயிற்று என்று காலையிலேயே உறையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அப்பா. கணுக்காலுக்குக் கீழே உறைக்கும் ஷூவுக்கும் நடுவில் சின்னக் கால்வாய் மாதிரி இடைவெளி. அதில் விழுந்த கல் நடக்க நடக்க ஏறி, ஷூவின் விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்கியிருக்கிறது. ஜாக்கெட்டின் கை இரண்டும் இன்னும் வெட்டாமல் இருக்கின்றன. அதைக் கணுக்காலுக்கு மேலே நான்கு விரல் உயரத்துக்குச் சுற்றி வருகிற மாதிரி வைத்து, மேலே சுருக்குக் கயிறு போடலாம் என்கிறார். இறுக்காமல், மண் மட்டும் நுழையாதபடி. அட்டையில் வரைந்துகொண்டிருக்கிறார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து டேப் கிழித்துக் கொடுக்கிறாள்.