எல்லாருக்கும் ஒரே விழுக்காடா?

பினாங்கு பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் பையன்களுக்குச் சம்பளப் பேச்சு நடக்கிறது. "மெக்கானிக் கேட்டா உட்கார வச்சுப் பேசுறாங்கண்ணே, நாங்க கேட்டா அப்புறம் பாக்கலாங்கிறாங்க" என்கிறான் ஒரு தம்பி.

மெக்கானிக்குக்குக் கூடுதல் சம்பளம் நியாயம்தான். பல வருடப் படிப்பு, பரீட்சை, உரிமம். பழுது பார்த்த விமானம் உரிமம் உள்ளவர் கையெழுத்தில்லாமல் பறக்காது. ஆனால் சுமையைத் தப்பாக ஏற்றினாலும் விமானத்தின் சமநிலை கெடும். அதை யார் பேசுகிறார்கள்? கொளுத்தும் வெயில், இரைச்சல், இடுப்புவலி வேறு!

எல்லாருக்கும் 5 விழுக்காடு சம்பள உயர்வு என்றால் 2,000 வாங்குபவனுக்கு 100 ரிங்கிட், 6,000 வாங்குபவருக்கு 300. இடைவெளி இன்னும் விரியும். நம் மலேசியாவில் யூனியனும் முதலாளியும் சம்பளத்துக்குக் கூட்டு ஒப்பந்தம் போட்டால் குறைந்தது 3 ஆண்டு அது நீடிக்கும். அதனால் யூனியன்காரர்களே, அடிச்சம்பள உயர்வை விழுக்காட்டில் கேட்காமல் ரிங்கிட் கணக்கில் கேளுங்கள்.