முள்ளுருண்டைக்கு 48 மணி நேரம்

2020 செப்டம்பர் கடைசி வாரம், கொரோனா காலம். லண்டனின் வடமேற்கு ஓரத்தில் ஒரு நர்சரியில் எனக்கு வேலை. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் 16 பேர், பார்த்துக்கொள்ள நாங்கள் இரண்டு பேர். நர்சரிக்கு வெளியே நண்பர்களோ சொந்தக்காரர்களோ ஆறு பேருக்கு மேல் கூடக்கூடாது, கைக்குழந்தையும் கணக்கில் சேரும் என்று அந்த மாதம் 14-ஆம் தேதிதான் சட்டம் வந்திருந்தது. கதை சொல்ல உட்கார்ந்தால் ஆறு பேர் என் மடியிலேயே இருப்பார்கள்.

எங்கள் அறைக்கு அப்போது 'பபிள்', அதாவது குமிழி, என்று பெயர். ஒரு பபிள் இன்னொரு பபிளோடு கலக்கக்கூடாது. இதைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொன்னது என் தப்பு. "எப்ப ஊதுவீங்க?" என்று நான்கு நாள் நச்சரித்து, கடைசியில் சோப்புத் தண்ணீர் கரைத்து ஊதிய பிறகுதான் விட்டார்கள்.

கை கழுவுவது அடுத்த கூத்து. பிறந்தநாள் வாழ்த்துப் பாட்டை இரண்டு முறை பாடி முடிக்கும்வரை தேய்க்க வேண்டும்; 20 விநாடிக்கு அதுதான் கணக்கு. நாளைக்கு எட்டுத் தடவை கை கழுவினால் பதினாறு பிறந்தநாள். கேக் மட்டும் வந்தபாடில்லை என்று ஒரு பையன் வீட்டில் போய்ப் புகார் செய்திருக்கிறான்.

பெற்றோர் உள்ளே வரக்கூடாது, வாசலோடு சரி. வாசலில் நான் மாஸ்க் போட்டுக்கொள்வேன், அறைக்குள் வந்ததும் கழற்றிவிடுவேன். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் குழந்தைக்கு அந்த இரண்டு பேரும் ஒருவரல்ல. ஒரு வாரம் முழுக்கத் தினமும் மத்தியானம் என்னைப் பார்த்து, "அந்த நல்லவங்க எங்கே?" என்று கேட்டாள். மாஸ்க்கைப் போட்டுக் காட்டினேன். முகம் மலர்ந்துவிட்டது. கழற்றினேன். பழையபடி சந்தேகப் பார்வை. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அப்புறம் மூக்கு. கொரோனாவுக்கு மூன்று அறிகுறிகள் சொல்லியிருந்தார்கள்: காய்ச்சல், விடாத இருமல், மணமோ ருசியோ தெரியாமல் போவது. மூக்கொழுகல் பட்டியலில் இல்லை. சேர்த்திருந்தால் அந்த இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தில் ஒரு நர்சரியும் திறந்திருக்காது. 16 மூக்குகளில் எது எப்போது ஒழுகும் என்று எனக்கு மனப்பாடம்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு டேஸ்ட்டே தெரியலை" என்றாள். அறையில் பெரியவர்கள் இரண்டு பேருக்கும் மூச்சு நின்றது. டெஸ்ட்டுக்கு இடம் கிடைக்காமல், எங்கோ நூறு மைலுக்கு அப்பால் போகச் சொல்லி ஜனங்களை அலைக்கழித்த நேரம் அது. இவளுக்கு டெஸ்ட் எடுத்து, ரிசல்ட் வந்து, பாசிட்டிவ் என்றால் எல்லாரையும் 14 நாள் வீட்டுக்கு அனுப்பி... என் மனசு கணக்குப் போட்டுக்கொண்டே போனது. அதற்குள் கஸ்டர்ட் வந்தது. வழித்து நக்கிவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டாள். அப்போதுதான் தட்டைப் பார்த்தேன். ஓரமாக ப்ரோக்கோலி, தொடாமல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தோட்டத்து மூலையில் ஒரு ஹார்ஸ் செஸ்நட் மரம். செப்டம்பரில் அதன் காய்கள் விழும். உள்ளே இருக்கும் கொட்டைக்கு இங்கே கான்கர் என்று பெயர். நம் ஊர்ப் புளியங்கொட்டையைப் பெரிதாக்கி நெய் தடவி வைத்தது போல அப்படி ஒரு பளபளப்பு. தின்னக் கூடாது, ஆனால் இந்த ஊரில் பிறந்தவர்கள் எழுபது வயதிலும் ஒன்றைக் கண்டால் குனிந்து எடுத்துப் பையில் போடாமல் போக மாட்டார்கள். கொட்டை இருக்கும் மேல் ஓடு பச்சையாக, உருண்டையாக, சுற்றிலும் முள் முள்ளாக இருக்கும். வாஷ்பேசினுக்கு மேலே நாங்கள் ஒட்டியிருந்த போஸ்டரிலும் அப்படியே ஒரு பச்சை உருண்டை, சுற்றிலும் முள்ளு, கோபமான புருவத்தோடு.

செவ்வாய்க்கிழமை காலை. இலை பொறுக்க எல்லாரும் ரெயின்சூட், பூட்ஸ் சகிதம் இறங்கியிருந்தோம். (16 பேருக்கு அதைப் போட்டுவிட 25 நிமிஷம். பதினாறாவது ஜிப்பை இழுக்கும்போது முதலாமவனுக்கு ஒண்ணுக்கு வரும்.) மஞ்சள் பூட்ஸ் பையன் மரத்தடியில் போய் நின்றான். குனிந்து பார்த்தான். அப்புறம் தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒரு கத்தல்:

"கொரோனா!"

நான் என்ன ஏது என்று ஓடுவதற்குள் மொத்தக் கூட்டமும் வாஷ்பேசின் பக்கம் பறந்துவிட்டது. யாரும் சொல்லாமல், ஒருவரை ஒருவர் இடிக்காமல், பிறந்தநாள் பாட்டை இரண்டு முறை முழுசாகப் பாடி அவர்கள் கை கழுவியது அந்த ஒரு நாள்தான்.

ப்ரோக்கோலிக்காரி மட்டும் நகரவில்லை. அந்த முள்ளுருண்டைக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "இதைத் தனியா வைக்கணும்" என்றாள்.

என் கூட வேலை பார்ப்பவர் இருபது வருஷ அனுபவசாலி. எதற்கும் சிரிக்க மாட்டார். உள்ளே போய்ப் பழைய ஷூ பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். வெவ்வேறு பபிள்கள் பொம்மையை மாற்றிக்கொண்டால் 48 மணி நேரம் தொடாமல் வைக்க வேண்டும், பிளாஸ்டிக் என்றால் 72 என்பது அப்போதைய விதி. அவர் உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பிளாஸ்டிக் இல்லை" என்று தீர்ப்புச் சொல்லி, உள்ளே வைத்து, மூடிமேல் தேதியும் நேரமும் எழுதினார்.

வியாழக்கிழமை பத்தரை மணிக்குப் பெட்டி திறப்பு விழா. அறையில் சத்தமே இல்லை. மூடியை எடுத்தால், ஓடு காய்ந்து மூன்றாகப் பிளந்து, நடுவில் பளபளவென்று கொட்டை.

"ஐயோ, குட்டி போட்டிருக்கு!"

கொட்டையைக் கைமாற்றிக் கைமாற்றி எல்லாரும் தடவினார்கள். மரத்தையும் விதையையும் பற்றி நான் அழகாக விளக்கினேன், எல்லாரும் தலையாட்டினார்கள். புரிந்துவிட்டது என்று நானும் நம்பினேன்.

சாயங்காலம் வாசலில் மஞ்சள் பூட்ஸ் பையன் அவன் அம்மாவிடம் சொன்னான்: "எங்க ரூம்ல கொரோனா குட்டி போட்டுச்சும்மா. பெட்டிக்குள்ள. நான் தொட்டுப் பார்த்தேன், வழுவழுன்னு இருந்துச்சு."

மாஸ்க்குக்கு மேலே அந்த அம்மாவின் கண் மட்டும்தான் தெரிந்தது. அது போதும்.

நான் விளக்கி முடிப்பதற்குள் பின்னால் இரண்டு மீட்டர் தள்ளித் தள்ளி நின்ற வரிசை மூன்று மீட்டராகிவிட்டது. ஆறு மணிக்குள் மேனேஜருக்கு நான்கு போன். அவர் எல்லாருக்கும் ஈமெயில் அனுப்பினார். 'பிள்ளைகள் குறிப்பிடுவது ஒரு கொட்டையை' என்ற வாக்கியத்தை எழுத அவருக்கு அரைமணி நேரம் ஆனதாம்.

மறுநாள் காலை மஞ்சள் பூட்ஸ் வந்தான். ரெயின்சூட் பாக்கெட் இரண்டும் புடைத்திருந்தன. வீட்டுச் சாமான் எதுவும் உள்ளே கொண்டுவரக் கூடாது என்பது விதி. வாசலிலேயே எண்ணினோம். பதினொன்று.

"எல்லாத்தையும் தனியா வைக்கணும்" என்றான்.

இருபது வருஷ அனுபவசாலி ஒரு வார்த்தை பேசாமல் பெரிய பெட்டி தேடப் போனார்.