சாரா ஆன்ட்டியின் தெரு

கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் இரண்டு பக்கமும் கடைகள்தான். காஷ்மீர்க்காரர்களின் சால்வைக் கடை, பழைய மரச்சாமான் கடை, மிளகும் ஏலக்காயும் சுக்கும் மணக்கிற மசாலாக் கடை. தெரு போய் முட்டுகிற இடத்தில் மணிக்கூண்டும், பரதேசி சினகாக் என்ற யூத வழிபாட்டுத் தலமும். வருகிறவர்களில் பெரும்பாலோர் நேரே அங்கே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நான் போனது அதே தெருவில் இருக்கும் இன்னொரு வீட்டுக்காக. வாசலில் ‘சாராஸ் ஹேண்ட் எம்பிராய்டரி’ என்று பலகை. ஜன்னலில் தாவீதின் ஆறுமுனை நட்சத்திரம்.

சாரா ஜேக்கப் கோஹன் இருந்த வீடு அது. 1922 செப்டம்பரில் பிறந்தவர், 2019 ஆகஸ்ட் 30-ம் தேதி, ஒரு வெள்ளிக்கிழமை, மறைந்தார். இன்னும் சில நாள் இருந்திருந்தால் 97 நிறைந்திருக்கும். வெளிநாடுகளிலிருந்து வந்து கொச்சியில் குடியேறியவர்களின் வழிவந்தவர்களைப் பரதேசி யூதர்கள் என்பார்கள். அவர்களில் அவர்தான் மூத்தவர். தெருவுக்கே சாரா ஆன்ட்டி. ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் அவருடைய படத்தை உலகம் முழுக்கப் பத்திரிகைகள் போட்டிருக்கின்றன. நான் அவரை நேரில் பார்க்கவில்லை. அந்தப் படங்களைப் பார்த்துத்தான் போகவேண்டும் என்ற ஆசையே வந்தது.

கடைக்குள் யூத ஆண்கள் தலையில் வைக்கும் சின்ன வட்டத் தொப்பிகள் அடுக்கியிருந்தன. கிப்பா என்பார்கள். யூதர்களின் வாராந்தர ஓய்வுநாளான சபத் தொடங்கும் வெள்ளி இரவு விருந்தில் ரொட்டியை மூடிவைக்கும் துணி, மேஜை விரிப்பு, கைக்குட்டை என எல்லாவற்றிலும் எம்பிராய்டரி. ஒரு ரொட்டித் துணியை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் தையல் தெரிந்தவர்கள் துணியை முதலில் அப்படித்தான் பார்ப்பார்கள். நீல நூலில் ஹீப்ரு எழுத்துகள். நூல் ஒரு எழுத்திலிருந்து அடுத்ததற்குத் தாண்டாமல், ஒவ்வொன்றின் முடிவிலும் அடக்கி வெட்டியிருந்தது. சாரா சொல்லிக்கொடுத்த வேலை இது, இப்போதும் நடக்கிறது.

நடத்துகிறவர் தாஹா இப்ராஹிம் என்ற முஸ்லிம். சிறுவயதில் இந்தத் தெருவில் பயணிகளுக்குத் தபால் அட்டை விற்றுக்கொண்டிருந்தவர். சாராவின் கணவர் ஜேக்கப் கோஹன்தான் பையனின் சரக்கைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள இடம் கொடுத்தார். சாராவுக்கு முதலில் அது பிடிக்கவில்லை. அப்புறம் தாஹா தொப்பி தைப்பதில் உதவப்போய், கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுப்பிள்ளை ஆகிவிட்டார். 1999-ல் ஜேக்கப் இறப்பதற்கு முன், சாராவைப் பார்த்துக்கொள் என்று தாஹாவிடம்தான் கேட்டுக்கொண்டார். கோஹன் தம்பதிக்குக் குழந்தைகள் இல்லை. கொடுத்த வாக்கை இருபது வருஷம், கடைசி நாள் வரை, தாஹாவும் அவர் குடும்பமும் காப்பாற்றினார்கள். வீட்டை இன்று சிறு அருங்காட்சியகமாக வைத்திருப்பதும் அவர்தான்.

குடும்பத் தலைவி என்று நாம் சொன்னால் பிள்ளைகள், பேரன் பேத்திகள் சூழ்ந்த ஒரு பாட்டியைத்தான் நினைப்போம். சாராவின் குடும்பம் இந்தத் தெருதான் என்று எனக்குத் தோன்றியது. அவர் அதிலிருந்து கிளம்பிப் போகவில்லை, அதுதான் பெரிய விஷயம். 1948-ல் இஸ்ரேல் உருவான பின், 1950-களில் கொச்சி யூதர்கள் கூட்டம் கூட்டமாகப் புறப்பட்டுப் போனார்கள். நெகேவ் பாலைவனத்தில் நெவாதிம் என்ற ஊரில் குடியேறி விவசாயம் செய்தார்கள். இதே மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் சினகாக்கின் உள் மரவேலை பெயர்த்தெடுக்கப்பட்டு இன்று ஜெருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உறவுகளும் சிநேகிதிகளும் ஒவ்வொருவராய்ப் போன பிறகும் சாரா தையலோடு இங்கேயே இருந்தார். முழுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டும். பின்னாளில் அந்தப் பத்துப் பேருக்கே எர்ணாகுளத்து யூதர்களையும் வெளியூர்ப் பயணிகளையும் எதிர்பார்க்க வேண்டிய நிலை. அவ்வளவையும் கண்ணால் பார்த்தவர் அவர்.

சரி, சினகாக்குக்கும் போனேன். 1568-ல் கட்டியது. கொச்சி ராஜா தன் அரண்மனைக்குப் பக்கத்திலேயே நிலம் கொடுத்தார். அரண்மனைக் கோயிலும் சினகாக்கும் ஒட்டியே நிற்கின்றன. உள்ளே போகச் செருப்பைக் கழற்ற வேண்டும், நம் கோயில்களைப் போலவே. 1662-ல் போர்ச்சுக்கீசியர்கள் இதைச் சேதப்படுத்தினார்கள், டச்சுக்காரர்கள் வந்த பின் சீரமைத்தார்கள். மணிக்கூண்டு 1760-ல் எசேக்கியேல் ரஹாபி என்ற யூத வணிகர் கட்டியது. தரையில் சீனாவின் கான்டனிலிருந்து வந்த வெள்ளை ஓடுகள், கையால் வரைந்த நீலச் சித்திரங்கள். குனிந்து பார்த்தால் ஒன்றின் கோடு போல் இன்னொன்றின் கோடு இல்லை. மேலே பெண்களுக்கான மாடம். சாரா ஒரு காலத்தில் உட்கார்ந்து தொழுத இடம் அதுவாகத்தான் இருக்கும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

கொச்சி யூதப் பெண்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்யாணப் பாட்டு, பைபிள் கதைப் பாட்டு எல்லாவற்றையும் மலையாளத்தில் நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்து, தாயிடமிருந்து மகளுக்கென்று கொடுத்து வந்தார்கள். ஆண்கள் முன்னாலும் பாடினார்கள். மற்ற பல யூதச் சமூகங்களில் அது வழக்கமில்லை. சமையலிலும் இந்த மண்தான். இறைச்சியோடு பாலைச் சேர்க்கக்கூடாது என்பது அவர்கள் சட்டம். அதனால் தேங்காய்ப்பால் கைகொடுத்தது. மூதாதையர் எங்கிருந்து வந்திருந்தாலும் சாராவின் வீட்டு மொழிகளில் மலையாளமும் ஒன்று.

மறுநாள் பரவூர் பக்கம் சேந்தமங்கலம் போனேன். அங்குள்ள பழைய சினகாக்கின் முன்னால் ஒரு கல்லறைக் கல் நிற்கிறது. 1269-ல் இறந்த, இஸ்ரேலின் மகள் சாராவுக்கு வைத்த கல். இந்தியாவில் கிடைத்த ஹீப்ரு கல்வெட்டுகளில் இதுவே மிகப் பழையது என்கிறார்கள். எழுநூற்றைம்பது வருஷ இடைவெளியில் ஒரே பேரில் இரண்டு பெண்கள். அந்தச் சாராவைப் பற்றி மிஞ்சியது பேரும் தேதியும் மட்டும்தான். மட்டாஞ்சேரி சாராவுக்கு ஜன்னல் இருக்கிறது, தையல் இருக்கிறது, அவரை ஆன்ட்டி என்று சொல்கிற மனிதர்கள் இருக்கிறார்கள்.

மட்டாஞ்சேரி போகிறவர்கள் வெள்ளி மதியத்துக்கு மேலும் சனிக்கிழமையும் தவிர்த்துவிடுங்கள், சபத் என்பதால் சினகாக் திறக்காது. எம்பிராய்டரிக் கடையில் கொஞ்சம் நிதானமாக நில்லுங்கள். ஒரு கைக்குட்டையாவது வாங்கிக்கொண்டு வாருங்கள்.