பத்மினி ரன்னிங் போர்டு: ஒட்டுப் போடுவதா, மாற்றுவதா?

என் பிரீமியர் பத்மினி காரில், கதவுக்குக் கீழே ஓடும் இடது பக்க ரன்னிங் போர்டு துருப்பிடித்திருந்தது; அதை முழுசாக வெட்டி மாற்றியாகிவிட்டது. இத்தனை நாள் தூக்கிப் பிடித்து அறைந்து சாத்திய பின் கதவு இப்போது விரலால் தள்ளினாலே டக்கென்று உட்காருகிறது. அந்தச் சந்தோஷத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் மன்னார்குடிப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் ஒட்டுப் போடத்தான் சொன்னார்கள். "தம்பி, மேலாக ஒரு தகடு வைத்துச் சுற்றி வெல்டு அடித்துப் பட்டி போட்டுவிட்டால் பத்து வருஷம் அசையாது" என்றார் டிங்கரிங் அண்ணன். கைத்திறமையில் அவருக்கு இணை இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

பத்மினிக்குத் தனியாகச் சேஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடிதான் சேஸ். கதவுக்குக் கீழே பெட்டியாக மூடியிருக்கும் அந்தப் பாகம்தான் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. அது இளகினால் கதவு தொங்கும். நண்பர் ஒருவர் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் வைத்திருக்கிறார். அதற்கு அடியில் தனிச் சேஸ் இருப்பதால் அவருக்கு இந்தக் கவலை கொஞ்சம் குறைவு.

நான் வைத்துக்கொண்ட கணக்கு இதுதான்: வெல்டு அடித்த இடத்தின் பின்புறத்துக்குப் பிரஷ் போகுமா? போகும் என்றால் ஒட்டு, போகாது என்றால் மாற்று. வெல்டு சூட்டில் பின்பக்கப் பெயிண்ட் கருகிவிடும். அங்கே மறுபடி பிரைமர் ஏறாவிட்டால் அடுத்த ஐப்பசி மழையிலேயே துரு வேலையை ஆரம்பித்துவிடும். முன் மட்கார்டின் கீழ்ப்பகுதிக்கு அடியிலிருந்து கை போகிறது, அதனால் அங்கே ஒட்டு. ரன்னிங் போர்டின் உள்ளே ஒன்றும் போகாது.

வெட்டிப் பார்த்தபோது சந்தேகம் தீர்ந்தது. முன்பு யாரோ போட்ட ஒட்டு மேலே கெட்டியாகத்தான் இருந்தது. அதற்கும் பழைய தகட்டுக்கும் நடுவே துரு அப்பளம் அப்பளமாக உரிந்து வந்தது. டார்ச் அடித்து உள்ளே பார்த்த அண்ணன், "சரி, மாத்திடுவோம்" என்றார்.

வெட்டுவதற்கு முன்னால் செய்ததுதான் முக்கியம். கதவுகளைக் கழற்றவில்லை. கதவு இடைவெளி எல்லா மூலையிலும் எவ்வளவு என்று சாக்பீஸால் பாடியிலேயே எழுதிவைத்தோம். அப்புறம் தொங்கியிருந்த பாடியை ஜாக்கியால் மெல்ல மெல்லத் தூக்கி, இடைவெளி மேலும் கீழும் சமமாகும்வரை காத்திருந்தோம். அந்த நிலையில் சதுரப் பைப்பை உள்பக்கமாகக் கதவுத் தூணுக்குத் தூண் குறுக்கே வைத்து டேக் (பொட்டுப் பொட்டாகத் தற்காலிக வெல்டு) அடித்துவிட்டோம். இந்தப் பைப் இல்லாமல் வெட்டினால் பாடி வளைந்த நிலையிலேயே புதுத் தகடு பூட்டிக்கொள்ளும், பிறகு எந்தக் கொம்பனாலும் கதவைச் சேர்க்க முடியாது. இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டவே கூடாது. ஒவ்வொரு டேக்குக்குப் பிறகும் கதவைச் சாத்திப் பார்த்தேன். அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது, நான் விடவில்லை.

தகடு தஞ்சாவூரில் வாங்கி அங்கேயே மடக்கினேன். வெளிப்பக்கத்துக்கு 20 கேஜ், உள்பக்கத்துக்கு அதைவிடத் தடிமனான 18 கேஜ், இரண்டும் சி.ஆர். ஷீட் (துத்தநாகம் பூசாத இரும்புத் தகடு). துருப்பிடிக்காது என்று துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட்டைச் சிபாரிசு செய்வார்கள். ஆனால் வெல்டு படும் இடத்தில் துத்தநாகம் எரிந்து போய்விடும், அந்தப் புகையும் உடம்புக்கு ஆகாது. பழைய பத்மினியிலிருந்து அறுத்த பீஸ் சென்னை புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கும்தான். ஆனால் அதன் உள்ளேயும் இதே துரு இருக்கலாம். மும்பையில் பத்மினி டாக்ஸிகள் 2023 அக்டோபரோடு நின்றுவிட்டன. இனி உருப்படியான பாகம் கண்ணில் பட்டால் தேவையோ இல்லையோ வாங்கிப் போட்டுவிடுவது நல்லது.

வெல்டிங் மிக் மெஷினில் (கம்பி தானாக ஓடி வரும் வெல்டிங் மெஷின்), 0.8 மி.மீ. கம்பி. வயல் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கி வெல்டு மேலாக ஒட்டிக்கொள்கிறது, உள்ளே இறங்குவதில்லை. அதனால் வோல்டேஜ் சீராக வந்த நேரத்தில் மட்டும் அடித்தோம். மூடுவதற்கு முன் உள்பக்கம் முழுக்க ஜிங்க் பிரைமர் அடித்தாயிற்று. துருவைத் தடுக்க உள்ளே அடிக்கும் மெழுகு மட்டும் இன்னும் பாக்கி. அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகளை வேண்டுமென்றே பெரிதாக வைத்தேன். நம் ஊர்க் களிமண் மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டால் மேலே காய்ந்தாலும் உள்ளே ஈரம் விடாது. ரோட்டில் நெல் காயப்போடும் காலத்தில் தூசி வேறு கதவுக்குள் இறங்கி வடிகால் ஓட்டையை அடைக்கிறது. கதவின் அடிவிளிம்பு அரிப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

மெழுகு அடிக்க நீளமான நாசில் தேடிக்கொண்டிருக்கிறேன். அதற்குள் டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் பள்ளத்தைச் சுரண்டிப் பார்த்துவிட்டேன், ஸ்குரூடிரைவர் நேராக இறங்கிவிட்டது. ஆனால் அங்கே இரண்டு பக்கமும் கை போகிறது. அதற்கு ஒட்டுத்தான்.