கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போறவங்க ரெண்டு நாள் முன்னாடியே போயிருங்க

எங்க ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம். சென்னையில் வேலை பார்க்கிற எங்க ஊர்க்காரர்களில் நிறையப் பேர் டிசம்பர் 23 சாயங்காலம் ரயில் ஏறி, 24 காலையில் போய் இறங்கி, 26 ராத்திரியே திரும்பி விடுகிறார்கள். லீவு அவ்வளவுதான் கிடைக்கிறது, எனக்கும் அது தெரியும். ஆனாலும் சொல்கிறேன், கூட ரெண்டு நாள் கிடைக்குமென்றால் அதை 26-க்குப் பிறகு எடுக்காதீர்கள், முன்னாடி எடுங்கள். 21-ஆம் தேதியே ஏறிவிடுங்கள்.

ஏனென்றால் 25 அன்றைக்கு வீட்டில் யாரோடும் உட்கார்ந்து பேச முடியாது. அதிகாலை 4 மணிக்கு ஆராதனை, மூன்று மணிக்கே முதல் மணி அடித்துவிடும், கோவிலிலிருந்து வந்ததும் இட்லியும் கறிக்குழம்பும், அப்புறம் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் பலகாரத் தட்டு கொண்டுபோக வேண்டும், வருகிறவர்களைக் கவனிக்க வேண்டும், மத்தியானம் பிரியாணி, சாப்பிட்டு முடித்தால் ஆளுக்கொரு மூலையில் படுத்துத் தூங்கிவிடுவார்கள். அவ்வளவுதான், நாள் முடிந்தது. பேச வேண்டியதெல்லாம் அதற்கு முந்தின நாட்களில் அடுப்பங்கரையில் பேசி முடித்திருப்பார்கள்.

எங்க வீட்டில் 22-ஆம் தேதி முந்திரிக்கொத்து போடுவார்கள். சிறுபயறை வறுத்துத் திரித்து, கருப்பட்டிப் பாகு காய்ச்சி, தேங்காய்ப் பூவும் எள்ளும் ஏலக்காயும் சேர்த்துப் பிசைந்து, சின்னச் சின்ன உருண்டையாக உருட்ட வேண்டும். பாகு பதம் தப்பினால் உருண்டை எண்ணெயில் உடைந்துவிடும் என்பதால் அந்தப் பொறுப்பைப் பெரியம்மா யாரிடமும் தருவதில்லை. உருட்டுகிற வேலைக்கு எத்தனை கை இருந்தாலும் போதாது, அதனால் ஆம்பளை பொம்பளை சின்னப்பிள்ளை என்று பார்க்காமல் எல்லோரும் உட்கார வேண்டியதுதான். அப்புறம் அரிசிமாவில் தோய்த்து மூன்று மூன்றாக ஒட்டினாற்போல் எண்ணெயில் போடுவார்கள். காலையில் ஆரம்பித்தால் பொழுது சாயும் வரைக்கும் இழுக்கும். கை வேலையாக இருக்கும்போது வாய் தானாகத் திறக்கிறது. போனில் கேட்டால் "நல்லாருக்கேன் எய்யா" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லாத அம்மா, முட்டிவலிக்கு ஒரு வருஷமாக மாத்திரை சாப்பிட்டு வருவதை உருண்டை உருட்டிக்கொண்டே மதினியிடம் சொன்னாள், அப்படித்தான் எனக்குத் தெரிய வந்தது. வீடியோ காலில் தினமும் முகம் பார்க்கிறோம், ஆனால் இந்த மாதிரி விஷயமெல்லாம் அதில் வராது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்தான் காதில் விழும்.

டிக்கெட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் 120 நாள் முன்னாடி ரயில் முன்பதிவு திறக்கும், 2024 நவம்பரிலிருந்து அது 60 நாளாகிவிட்டது. அதாவது டிசம்பர் 21-க்கு ஏற வேண்டுமென்றால் அக்டோபர் 22 காலை 8 மணிக்கு உட்கார வேண்டும். 23-ஆம் தேதிக்கு அடிபிடி, அரையாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் விடுகிற நேரம், கொஞ்ச நேரத்திலேயே வெயிட்டிங் லிஸ்ட் வந்துவிடும். 21-க்கு அவ்வளவு நெருக்கடி இருக்காது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிற வீட்டில் பரீட்சை முடியாமல் கிளம்ப முடியாதுதான், அப்படியென்றால் வீட்டில் ஒருவராவது முன்னாடி போங்கள். போன தடவை நான் முன்னாடி போனேன், என் மனைவியும் மகளும் 23-க்கு ஏறி வந்தார்கள்.

எங்களுக்குத் தோதான வண்டி செந்தூர் எக்ஸ்பிரஸ். சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று சுற்றிக்கொண்டுதான் போகும், அவசரக்காரர்களுக்குப் பிடிக்காது. எனக்கு ரொம்பப் பிடிக்கும். திருநெல்வேலி தாண்டியதும் பேச்சுச் சத்தமே மாறிவிடும். செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, ரெண்டு பக்கமும் தாமிரபரணித் தண்ணீரில் வாழையும் நெல்லும். நாசரேத்தில் வண்டி கொஞ்ச நேரம்தான் நிற்கும் என்பதால் ஸ்ரீவைகுண்டத்திலேயே பெட்டி படுக்கையோடு வாசலுக்கு வந்து வரிசை கட்டி நின்றுவிடுவார்கள். முகம் தெரியாத ஆளாக இருந்தாலும் "நீங்க யார் வீடு?" என்று யாராவது ஒருத்தர் கேட்டுவிடுவார். அந்தக் கேள்வி எனக்குச் சென்னையில் கிடைப்பதே இல்லை.

2023-ல் இந்த வண்டிதான் வெள்ளத்தில் மாட்டியது. டிசம்பர் 17 ராத்திரி திருச்செந்தூரிலிருந்து கிளம்பி, பாதையில் தண்ணீர் போனதால் ஸ்ரீவைகுண்டத்திலேயே நிறுத்திவிட்டார்கள். தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியெல்லாம் அரித்துக்கொண்டு போய், சுமார் 800 பயணிகள் நகர முடியாமல் நின்றார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. பக்கத்தில் இருக்கிற புதுக்குடி ஊர்க்காரர்கள், தங்களைச் சுற்றியும் தண்ணீர் நிற்கும்போதே, அத்தனை பேருக்கும் சமைத்துக் கொடுத்தார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு எங்க பாதையில் ரயில் ஓடவில்லை. திருநெல்வேலி வரை வந்து, அங்கிருந்து நண்பன் ஒருவன் வண்டியில் சுற்றுப்பாதையாகப் போய்ச் சேர்ந்தேன். வீட்டுக்குள் சேறு. அரிசிப் பானை, துணி பீரோ, அப்பாவின் பழைய வேதாகமம் எல்லாம் நனைந்து கிடந்தன. முந்திரிக்கொத்தும் இல்லை, ஸ்டாரும் இல்லை. பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவர்கள் ஒவ்வொருவராக ஊருக்கு வந்து இறங்கி, நேராக மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்கள். ஒரு வீட்டை முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனோம். சபை வளாகத்தில் பெரிய அண்டாவில் சோறு, யார் வேண்டுமானாலும் வந்து சாப்பிடலாம், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும். 25 காலை ஆராதனைக்குப் புதுத்துணி போட்டவர்கள் குறைவு. ஆனால் அந்த வருஷம் 24-ஆம் தேதி வரைக்கும் நாங்கள் பக்கத்தில் இருந்தோமே, அதை அம்மா இன்னும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிசு. 23 ராத்திரி கேரல் ரவுண்ட்ஸ். சபை வாலிபர்கள், கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்ட ஒரு ஆள், லோடு ஆட்டோவில் கட்டிய ஸ்பீக்கர், ஒரு டிரம், இவ்வளவுதான். வீடு வீடாகப் போய் வாசலில் நின்று ஒரு பாட்டு, ஒரு ஜெபம், பிள்ளைகளுக்கு மிட்டாய். எங்க ஊரில் இப்போது ரெண்டு பெரியவர்கள் மட்டும் இருக்கிற வீடுகள் அதிகமாகிவிட்டன. பிள்ளைகள் சென்னையிலோ துபாயிலோ இருப்பார்கள். கடைசித் தெருவுக்குப் போய்ச் சேரும்போது ராத்திரி ரெண்டு மணி ஆகிவிடும், அதுவரைக்கும் வெளிவிளக்கை அணைக்காமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். போன வருஷம் ஒரு ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எய்யா, நீயாவது வந்தியே" என்று சொல்லி விடவே இல்லை. அவர் மகனும் நானும் ஒன்றாகப் படித்தவர்கள். அவனுக்கு அன்றைக்கே போன் போட்டுப் பேசினேன், இந்த வருஷம் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

அப்புறம் குடில். கோவில் வாசலில் போடுகிற பெரிய குடிலுக்குப் பனையோலை வெட்டி வந்து முடைய ஆள் வேண்டும். முன்பு இருபது முப்பது பேர் நிற்பார்கள், இப்போது நாலைந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான். ஓலை முடையத் தெரிந்த மாமாவுக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது, சொல்லிக் கொடுக்க ஆசைதான், கற்றுக்கொள்ள வருகிறவர்கள் 24 காலையில்தான் வந்து இறங்குகிறார்கள். அதற்குள் வேலை முடிந்துவிடும்.

லீவே கிடைக்காதவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். திருநெல்வேலிக்கு வந்தே பாரத் மத்தியானம் சென்னையில் கிளம்பி அன்றைக்கு ராத்திரியே போய்ச் சேர்ந்துவிடும். அங்கிருந்து ஊர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர், யாராவது பைக் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். அரை நாள் வேலை பார்த்துவிட்டுக் கிளம்பினாலும் ஒரு ராத்திரி மிச்சம். கிளாம்பாக்கத்திலிருந்து பஸ் என்றால் பண்டிகை நேரத்து நெரிசலில் எப்போது போய்ச் சேர்வோம் என்று சொல்ல முடியாது.

நண்பர்கள் குரூப்பில் நேற்றே போட்டுவிட்டேன், 22-ஆம் தேதி காலையில் நான் ஊரில் இருப்பேன் என்று. ஊரிலேயே கடை வைத்திருக்கிறவன் உடனே பதில் போட்டான்: "ஏல, ஓலை நான் வெட்டி வைக்கேன். நீ வரும்போது ஸ்டாருக்கு எல்இடி வாங்கிட்டு வா, இங்க விலை ஜாஸ்தி." அதற்குக் கீழே இன்னும் மூன்று பேர் டிக்கெட் போடப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.