நெட் புவியியல்: அட்சரேகை, தீர்க்கரேகை வரலாற்றை நான் படித்த விதம்

கல்லூரி உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்குப் புவியியல் படிக்கிறவர்களில் பலர் புவியியல் சிந்தனை வரலாற்றைக் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். நானும் தள்ளினேன். பாடத்திட்டத்தில் கிரேக்கர், ரோமானியர், அரேபியர், சீனர், இந்தியர் பங்களிப்பு என்று ஒரே வரியாக இருக்கும். பெயரையும் நூலையும் மனப்பாடம் செய்தால் போதும் என்று இருந்துவிட்டேன். முதல் தடவை எழுதியபோது பொருத்துக வகைக் கேள்வி ஒன்றில் ஹிப்பார்க்கஸ், மரினஸ், தாலமி என்ற பண்டைய அறிஞர் மூவரையும் மாற்றிப் போட்டேன். அந்தத் தடவை தேறவில்லை. இரண்டாவது தடவை இந்தப் பகுதியை வேறு விதமாகப் படித்தேன், பயன் கிடைத்தது. இப்போது தயாராகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் சொல்லின் பொருள். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரின் குறிப்பேட்டில் அட்சரேகைக்கு அகலக்கோடு, தீர்க்கரேகைக்கு நெடுங்கோடு என்று எழுதியிருந்தது. இலங்கைப் பாடநூல் வழக்கு அது. கிரேக்கர் வைத்த பெயருக்கும் பொருள் இதேதான்: பிளாட்டோஸ் என்றால் அகலம், மெக்கோஸ் என்றால் நீளம். அவர்கள் அறிந்த உலகம் மேற்கே அட்லாண்டிக் கரையிலிருந்து கிழக்கே இந்தியா, சீனம் வரை நீண்டு கிடந்தது. தெற்கு வடக்காகக் குறுகலானது. ஆகவே கிழக்கு மேற்கு அளவு நீளம், தெற்கு வடக்கு அளவு அகலம். நம் தீர்க்கம் என்ற சொல்லுக்கும் நீளம் என்றுதான் பொருள். நெட்டுக்குத்தாக வரைந்த கோடு என்பதால் தீர்க்கரேகை என்று நான் பள்ளியிலிருந்தே தப்பாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது கலைந்ததும் பாதிக் குழப்பம் போய்விட்டது.

அடுத்து நான் செய்த காரியத்தை எல்லோரும் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும் என்பேன். இரவும் பகலும் சமமாகும் மார்ச் மாதச் சமநாள் அன்று திருச்சியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு மரக்கோலை நட்டேன். சின்னக் களிமண் உருண்டையில் குத்தி, கொத்தனாரிடம் வாங்கிய தூக்குக்குண்டால் செங்குத்து பார்த்து, தரையிலிருந்து நுனிவரை சரியாக 1 மீட்டர் வருமாறு நிறுத்தினேன். கோலைச் சுற்றி 30 சென்டிமீட்டர் ஆரத்தில் சாக்பீஸால் வட்டம். நிழலின் நுனி முற்பகலில் வட்டத்தைத் தொட்டபோது மணி 11:32. நிழல் குறுகி வட்டத்துக்குள் போய், மீண்டும் வளர்ந்து மறுபக்கம் தொட்டபோது 1:14. இரண்டு புள்ளிகளையும் இணைத்தால் கிழக்கு மேற்கு. அந்தக் கோட்டின் நடுவிலிருந்து கோலுக்கு இழுத்தால் தெற்கு வடக்கு. இரண்டு நேரங்களுக்கும் நடு 12:23. அதுதான் எங்கள் மாடியின் உண்மையான உச்சிப்பொழுது.

தெற்கு வடக்குக் கோட்டின் மேல் நிழல் விழுந்தபோது அளந்தேன், 19.5 சென்டிமீட்டர். கால்குலேட்டரில் கோணம் போட்டால் 11 டிகிரி. திருச்சியின் அட்சம் 10.8. சமநாளில் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே நிற்பதால், உச்சிவேளை நிழல் காட்டும் கோணமே ஊரின் அட்சம். ஒரு கோலும் ஒரு நிழலும் போதும். வேறு எந்த ஊரைப் பற்றியும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இந்த வட்ட முறை நம் நாட்டில் மிகப் பழையது. காத்யாயனரின் சுல்ப சூத்திரத்தில் இருக்கிறது. நெடுநல்வாடையிலும் இரண்டு கோல் நட்டு, சூரியன் எந்தப் பக்கமும் சாயாத நண்பகலில் கயிறு பிடித்துத் திசை குறித்து அரண்மனைக்கு மனை வகுத்த செய்தி வருகிறது. சங்கு என்று வானநூல்காரர்கள் சொல்லும் கருவி இந்தக் கோல்தான்.

சரி, உச்சிப்பொழுது ஏன் 12 மணிக்கு வராமல் 12:23-க்கு வந்தது? இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது, மிர்சாபூர் பக்கம் போகிற கோடு. திருச்சி 78.7. வித்தியாசம் 3.8 டிகிரி, டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் 15 நிமிடம். மீதி ஏழெட்டு நிமிடம், சூரியனின் வருடாந்தர ஓட்டம் சீராக இல்லாததால் மார்ச்சில் வரும் தாமதம். எங்கள் ஊரின் தீர்க்கரேகை அந்த 15 நிமிடத்துக்குள்தான் இருந்தது. அது எனக்குத் தெரிந்ததற்குக் காரணம், என் கைப்பேசி இன்னொரு இடத்தின் நேரத்தைச் சுமந்துகொண்டிருந்தது. பழங்காலத்தவருக்கு அது இல்லை.

இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பெயர்கள் தாமாகவே வரிசையில் உட்காரும். அட்சத்தை நிழல் சொல்லிவிட்டது, ஆகவே அது சீக்கிரம் வந்தது. தீர்க்கத்துக்கு இரண்டு ஊர்களில் ஒரே கணத்தின் நேரம் தெரிய வேண்டும், ஆகவே ஈராயிரம் ஆண்டுகள் இழுத்தது.

கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் மசாலியாவை (இன்றைய மார்சேய்) சேர்ந்த பித்தியாஸ் தன் ஊரில் கோடைக் கதிர்த்திருப்ப நாளின், அதாவது ஆண்டின் மிக நீண்ட பகல் வரும் நாளின், நிழலை அளந்தார். அடுத்த நூற்றாண்டில் எரட்டோஸ்தனிஸ். அலெக்சாந்திரியாவில் அதே நாள் உச்சியில் நிழல் வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு, தெற்கே சையீனில், அதாவது இன்றைய அஸ்வானில், நிழலே இல்லை. இரண்டுக்கும் இடையே 5,000 ஸ்டேடியா (கிரேக்கரின் தூர அளவு), ஆகவே பூமியின் சுற்றளவு 2,50,000. பின்னால் 2,52,000 என்று வகுக்க வசதியாக்கிக்கொண்டார்கள். இது எல்லாக் குறிப்பேட்டிலும் இருக்கும். பல குறிப்பேடுகளில் விடுபடுவது: அவர் சையீன், அலெக்சாந்திரியா, ரோட்ஸ், பைசாந்தியம் எல்லாவற்றையும் ஒரே நெடுங்கோட்டில் வைத்தார். உண்மையில் அஸ்வான் அலெக்சாந்திரியாவுக்கு 3 டிகிரி கிழக்கே இருக்கிறது. அட்சத்தில் அவ்வளவு நுட்பமானவருக்குத் தீர்க்கத்தில் கைகொடுக்க எதுவும் இல்லை. அவருடைய கோடுகள் சமதூரத்திலும் இல்லை, தெரிந்த ஊர்கள் வழியே போயின. வட்டத்தை அவர் 60 பங்காகத்தான் பிரித்தார். 360 டிகிரியை எரட்டோஸ்தனிஸ் தலையில் கட்டாதீர்கள்.

360 பாபிலோனிலிருந்து வந்தது. சூரியன் போகும் பாதையை 12 ராசிகளாக, ராசிக்கு 30 பாகமாகப் பிரித்துக் கோள்களின் இடத்தைக் குறித்தவர்கள் அவர்கள். தீர்க்கம் முதலில் வானத்தில் பிறந்தது என்பதை இங்கே அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ரோட்ஸில் பணிபுரிந்த ஹிப்பார்க்கஸ் கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் இந்த டிகிரியைக் கிரேக்க வானியலுக்குக் கொண்டுவந்தார். சித்திரை நட்சத்திரத்தின் வான்தீர்க்கம் தமக்குச் சுமார் 150 ஆண்டு முந்திய டிமோகாரிஸ் குறித்ததிலிருந்து 2 டிகிரி நகர்ந்திருப்பதைக் கண்டு, பூமியின் அச்சு மெல்லத் திரும்புவதால் வரும் அயன நகர்வைப் பிடித்தார். பிறகு அதே கண்ணோடு பூமியைப் பார்த்து, வழிப்போக்கர் சொல்லும் தூரத்தை நம்பி வரைபடம் போடக்கூடாது, ஒவ்வொரு ஊரையும் வானத்தைப் பார்த்தே குறிக்க வேண்டும் என்றார். தீர்க்கத்துக்கு அவர் சொன்ன வழி சந்திர கிரகணம். கிரகணம் எல்லா ஊருக்கும் ஒரே கணத்தில் பிடிக்கும், உள்ளூர் நேரம்தான் மாறும். மணிக்கு 15 டிகிரி.

வழி சரி, நடைமுறை கடினம். தாலமி தம் நூலில் காட்டும் எடுத்துக்காட்டை நான் முழுதாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கி.மு. 331 செப்டம்பர் 20, அலெக்சாந்தர் கௌகமேலா போருக்கு முன் பார்த்த கிரகணம். அர்பேலாவில் (இன்றைய ஈராக்கின் அர்பில்) இரவு ஐந்தாம் மணி, கார்த்தேஜில் இரண்டாம் மணி என்று பதிவு. 3 மணி நேரம், ஆகவே 45 டிகிரி. இன்றைய வரைபடத்தில் அர்பில் 44, கார்த்தேஜ் 10, ஆக 34 டிகிரிதான். முக்கால் மணி நேரப் பிழை 11 டிகிரியைக் கூட்டிவிட்டது. ஒரு முறை நீங்களே கழித்துப் பாருங்கள், அதன்பின் இந்தப் பகுதி மறக்காது.

என்னைக் குழப்பிய மூவரை இப்படிப் பிரித்துக்கொண்டேன். டிகிரியும் கிரகண முறையும் ஹிப்பார்க்கஸ். சுமார் கி.பி. 100-இல் டயர் நகரத்து மரினஸ், கட்டம் கட்டமான வரைபடம், மேற்கே நற்பேற்றுத் தீவுகளில் (இன்றைய கனரித் தீவுகள்) தொடக்கக் கோடு, அறிந்த உலகின் நீளம் 225 டிகிரி. சுமார் 150-இல் தாலமி, அந்த நீளத்தை 180-ஆகக் குறைத்து, உருண்டையான பூமியைத் தட்டையாக வரைய இரண்டு புதிய கோட்டுச்சட்டங்கள் தந்து, ஆயிரக்கணக்கான ஊர்களுக்கு அட்ச தீர்க்கப் பட்டியல் கொடுத்தவர். கொற்கை, முசிறி, காவிரிப்பூம்பட்டினம், மதுரை எல்லாம் அதில் எண்களோடு இருக்கின்றன. ஆனால் அவர் வரைபடத்தில் நம் தீபகற்பம் தட்டையாகி, இலங்கை பூதாகாரமாக நிற்கும்.

கூற்று, காரணம் வகைக் கேள்விக்கு ஏற்ற இடம் தாலமியின் மத்தியதரைக் கடல். அவர் கொடுத்த நீளம் 62 டிகிரி, உண்மை சுமார் 42. காரணம்: பூமியின் சுற்றளவாக 1,80,000 ஸ்டேடியாவை ஏற்றார். டிகிரிக்கு 700 ஸ்டேடியா வர வேண்டிய இடத்தில் 500 வந்தது. பயணிகள் சொன்ன தூரத்தை 500-ஆல் வகுத்தால் டிகிரி பெருகத்தானே செய்யும்? தெற்கு வடக்கில் நிழல் திருத்திவிட்டது, கிழக்கு மேற்கில் திருத்த ஆளில்லை.

காலநிலைப் பாடத்தோடு ஒரு தொடர்பு உண்டு. கிளைமா என்ற கிரேக்கச் சொல்லுக்குச் சாய்வு என்று பொருள். மிக நீண்ட பகல் எத்தனை மணி என்பதை வைத்து அட்சங்களைப் பட்டைகளாக்கினார்கள்: நைல் கரை மெரோவில் 13, சையீனில் 13.5, அலெக்சாந்திரியாவில் 14, ரோட்ஸில் 14.5. மொத்தம் ஏழு பட்டைகள்.

இந்தியப் பகுதியை ஒரே பக்கத்தில் முடிக்கலாம். சூரிய சித்தாந்தம் என்ற வானநூல் சொல்லும் மையக் கோடு லங்கை, உஜ்ஜயினி, ரோஹிதகம் வழியே போகிறது. இந்த லங்கை நம் பக்கத்துத் தீவு அன்று. உஜ்ஜயினிக்கு நேர்தெற்கே நிலநடுக்கோட்டில் கணக்குக்காக வைத்த புள்ளி. ஒரு கிரகணம் கணித்த நேரத்துக்குப் பின் தெரிந்தால் உங்கள் ஊர் மையக் கோட்டுக்குக் கிழக்கே, முன்னால் தெரிந்தால் மேற்கே என்ற விதியும் அதே நூலில் இருக்கிறது. அரேபியர் உஜ்ஜயினியை உஜைன் என்று எழுத, அரபு எழுத்தின் மேலுள்ள புள்ளி விடுபட்டு அது அரின் ஆகி, பூமியின் குவிமாடம் என்ற பெயரில் ஐரோப்பா வரை போனது. அரின் என்று கேட்டால் உஜ்ஜயினியை நினையுங்கள். சீனத்தில் பெய் சியூ 3-ஆம் நூற்றாண்டில் கட்டம் போட்டு வரைபட விதிகள் தந்தார். அவை தூரத்துக்கான கட்டங்கள், அட்ச தீர்க்கம் ஆகா.

கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். ஆகவே பெயர்களின் ஆங்கில எழுத்தையும் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது, எதையும் விடாமல் எழுதலாம். பொருத்துக கேள்வியில் முதலில் உறுதியாகத் தெரிந்த ஒன்றைப் பிடியுங்கள், எனக்கு அது எப்போதும் ஹிப்பார்க்கஸும் கிரகணமும்.

மார்ச்சுக்கு அடுத்த சமநாள் செப்டம்பர் 23 வாக்கில். அப்போது சூரியன் ஏழெட்டு நிமிடம் முந்தி ஓடும், திருச்சியில் உச்சி 12 மணி 8 நிமிடத்தை ஒட்டி வரும். உங்கள் ஊரின் தீர்க்கத்தை 82.5-லிருந்து கழித்து, நான்கால் பெருக்கி, வருவதில் ஏழரை நிமிடம் குறைத்து நேரத்தை முன்கூட்டியே எழுதி வையுங்கள். காலை 11 மணிக்குள் கோலை நட்டுவிட்டால் இரண்டு புள்ளிகளும் கிடைத்துவிடும்.